இரவல் கொடுத்த கை

என் மகனுக்கு,

நீ பம்பாய் போய்ச் சேர்ந்ததாகக் கார்டு வந்தது. அறை கிடைத்துவிட்டது, பாங்கில் எல்லோரும் நன்றாகப் பழகுகிறார்கள், சாப்பாடுதான் கொஞ்சம் தித்திப்பு என்று எழுதியிருந்தாய். அப்பா அதை இரண்டு தடவை சத்தமாக வாசித்தார். நான் மூன்றாம் தடவை தனியாக வாசித்தேன். அதில் இல்லாத ஒரு வரியைத் தேடி வாசித்தேன் என்று சொன்னால் உனக்குப் புரியும். நீ கிளம்புவதற்கு முதல் நாள் கூடத்தில் என்ன நடந்தது என்பதைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எழுத மாட்டாய் என்று எனக்குத் தெரியும். பேசாமல் இருக்க உன்னைப் பழக்கியவளே நான்தானே.

இதை உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் சொன்ன பொய்யை நாலு பேர் நம்பினார்கள், நாலு பேர் திருப்பிச் சொன்னார்கள், ஒரு மனிதர் அதைச் சுமந்தார். எனவே நாலு பேர் வாசிக்கிற பத்திரிகைக்கே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை. உன் பெயரை ஒரு தடவை நான் மறைத்தது உன் நன்மைக்காக அல்ல; இப்போது மறைப்பதாவது அதற்காக இருக்கட்டும்.

அன்று வர்கீஸ் சார் வந்தபோது நீ பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாய். ரயிலில் கொறிக்க நேந்திரங்காய் வறுவல் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். உன் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், உனக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுத்தவர், உன் கை கெட்ட பிறகு இத்தனை வருஷத்தில் நம் வீட்டுப் பக்கமே வராதவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நம் தெருவுக்கு வந்தால் தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர் பேசுகிற அந்த மலையாளக் கலவைப் பேச்சில், சுற்றி வளைக்காமல் சொன்னார்: "மோனே, உன் கையை நாசமாக்கினது ஞானாக்கும். என்மேல தேஷ்யம் இருந்தால் இப்போ பறஞ்சிடு. மனசில் வச்சுக்கொண்டு போகண்டா."

உன் கையைக் கெடுத்தது நான்தான், கோபம் இருந்தால் சொல்லிவிடு என்கிறார். நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நீ காத்திருந்தாய், அவ்வளவுதான். ஒரு வாக்கியம் போதும். சொல்ல வேண்டியவள் நான். நான் என்ன செய்தேன்? "சாருக்குக் காப்பி கொண்டு வரேன்" என்று உள்ளே போனேன். காப்பி ஏற்கெனவே கலந்து வைத்திருந்தது. ஆறின காப்பியைச் சுட வைக்கிற மாதிரி அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருந்தேன். "அப்படியெல்லாம் இல்ல சார், நீங்க அப்படிச் சொல்லக் கூடாது" என்று நீ சொல்வது கேட்டது. நான் வெளியே வந்தபோது நீ அவரை நமஸ்காரம் செய்துகொண்டிருந்தாய். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமி, இவனை நல்லாத்தான் வளர்த்திருக்கீங்க" என்றார். நான் டம்ளரை அவரிடம் நீட்டினேன்.

இதை வாசிக்கிறவர்களுக்கு நடந்தது தெரிய வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் உனக்குத் தெரியாத ஒரு பகுதியும் இதில் உண்டு. அதைத்தான் எழுதப் பயமாக இருக்கிறது.

நம் வீட்டில் ஒரு பெரிய வெண்கல உருளி உண்டல்லவா, அடியில் உன் அப்பாவின் தாத்தா பெயர் வெட்டினது? கரமனையில் எந்த வீட்டில் கல்யாணம், சீமந்தம், சதாபிஷேகம் என்றாலும் பாயசத்துக்கு அந்த உருளிதான் போகும். கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்கிற வழக்கமே இந்த வீட்டில் கிடையாது. நான் கல்யாணம் ஆகி வந்த புதிதில் அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நம் வீட்டில் ஊருக்கு வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது என்கிற பெருமை. உருளி திரும்பி வந்ததும் கவிழ்த்துப் போட்டு விரலால் தட்டிப் பார்ப்பேன். நாதம் சரியாக இருக்கிறதா, எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்று. ஒரு தடவை விளிம்பில் சிறிய நசுங்கல் இருந்ததற்காகப் பின்தெரு மாமியோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தேன்.

பதினைந்து வயதில் நீ பந்து வீசத் தொடங்கியபோது அந்த உருளியைப் போல ஆகிவிட்டாய். பள்ளிக்கூட மைதானத்தில் கயிற்றுப் பாய் விரித்த ஆடுகளத்தில் நீ ஓடி வந்து போடுகிற பந்தைப் பார்க்க, ஆபீஸ் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்துவார்களாம். நான் பி.எஸ்சி. படித்தவள், விளையாட்டு ஒன்றும் தெரியாதவள். ஆனால் காய்கறிக் கடையில் "மாமி, நம்ம பந்து போடற பையன்றெ அம்மாவல்லே" என்று கேட்டபோது அரைக் கிலோ வாங்க வேண்டிய கத்திரிக்காயை ஒரு கிலோ வாங்கினேன். வர்கீஸ் சார் மட்டும் பூரிக்கவில்லை. ஒரு நாள் வீட்டுக்கு வந்து எனக்கும் அப்பாவுக்கும் பாடம் நடத்துவதுபோலச் சொன்னார். வளருகிற எலும்பு, சனிக்கிழமை பள்ளிக்கூட மேட்சில் தான் கணக்குப் பண்ணிக் கொடுக்கிற ஓவருக்கு மேல் ஒரு பந்துகூட இவன் போடக் கூடாது. "ஞாயறாழ்ச்ச இவன்றெ கை உறங்கட்டே, கேட்டோ மாமி." ஞாயிற்றுக்கிழமை கை தூங்கட்டும். எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. சார் போன பிறகு நான் உன் தோளைத் தட்டித் தாலாட்டுப் பாடிக்கூடக் கேலி செய்தேன்.

அதற்கு அடுத்த மாதம்தான் அப்பாவின் சூப்பிரண்டு வந்தார். நாஞ்சில் நாட்டுக்காரர், நல்ல உயரம், சிரித்துச் சிரித்துப் பேசுகிறவர். அவர்கள் ஆபீசுக்கு ஒரு கிரிக்கெட் டீம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ்களுக்குள் போட்டி. அடையை இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஞாயித்துக்கெழம மட்டும் பையனத் தாருங்கம்மா. பாத்திரம் எரவல் வாங்குத மாதிரின்னு வச்சுக்கிடுங்க. கொண்டுபோன மாதிரியே கொண்டாந்து விட்டுருதேன்."

"அவன் ஸ்கூல்ல படிக்கற பையன் சார், ஆபீஸ் டீம்ல எப்படி?" என்று அப்பா கேட்டார்.

"நம்ம பாஸ்கரன் பேருல எறங்கட்டும். அவனுக்கு முட்டு வலி, ஓட முடியல்ல. யாரு போய்ப் பாக்கப் போறா?" பிறகு, கை கழுவும்போது, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்தது போல, "காசர்கோடு டிரான்ஸ்பர் லிஸ்ட்ல ஒம்ம பேரு இருக்குவே. அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அவர் போன பிறகு அப்பா, "வேண்டாம், சார் அவ்வளவு சொல்லியிருக்கார். காசர்கோடுன்னா காசர்கோடு, போயிட்டுப் போறது" என்றார். இதை நீ கேட்கவில்லை. நீ தெருவில் இருந்தாய். இத்தனை நாளும் அப்பா பயந்துபோய் உன்னை அனுப்பினார் என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் அதைத் திருத்தவில்லை. அப்பா பயப்படவில்லை. "ஒரு ஞாயித்துக்கிழமைதானே, குழந்தை படிப்பு கெடாமே இருக்க வேண்டாமா?" என்று சொன்னவள் நான். உன் படிப்பு என்று சொன்னதும் பொய். அந்த ஜூனில்தான் எனக்குப் புத்தன்சந்தைப் பக்கத்தில் ஒரு டியூட்டோரியலில் கணக்கு எடுக்கிற வேலை கிடைத்திருந்தது. ஓலைக் கூரை, ஆடுகிற பெஞ்சு, மழை பெய்தால் பாடம் நின்றுபோகும். ஆனாலும் பத்தொன்பது வயதில் கல்யாணம் ஆகி, இருபதில் உன்னைப் பெற்று, படித்ததெல்லாம் ரசப்பொடி டப்பா மேல் ஒட்டின காகிதமாகிவிட்டது என்று நினைத்தவளை, முதன்முதலாக நாற்பது பிள்ளைகள் "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். மாநிலத்தின் மறுகோடியில் இருக்கிற காசர்கோடு போனால் அது போய்விடும். என் வேலைக்காக உன் கையை இரவல் கொடுத்தேன். இதுதான் உனக்குத் தெரியாத பகுதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்பது எல்லா ஞாயிற்றுக்கிழமையும் ஆயிற்று. முதலில் நாம் எல்லோருமே அதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம். நிஜப் பாஸ்கரன் மரத்தடியில் நிலக்கடலை தின்றுகொண்டே, "டேய் பாஸ்கரா, வீட்டில் பிள்ளைகளுக்குச் சுகந்தன்னே?" என்று உன்னைக் கேட்பாராம். நீயும் முகம் மாறாமல், "மூத்தவளுக்கு ஜலதோஷம், டாக்டர்கிட்டே காட்டணும்" என்பாயாம். நீ வந்து சொன்னபோது புரையேறுகிற மாதிரி சிரித்தேன். உள்ளூர்ப் பேப்பரில் பாஸ்கரன் பெயர் வந்தது. வர்கீஸ் சாரே உங்களையெல்லாம் கூட்டிவைத்து, "ஆபீஸ் டீமில் பாஸ்கரன்னு ஒருத்தன் நல்லா எறியறானாம், ஒரு ஞாயறாழ்ச்ச போய் அவன் ஓட்டத்தைப் பார்த்துப் படியுங்கடா" என்று சொன்னாராம். அதற்கும் சிரித்தோம். ஆனால் அன்று நீ சிரித்தது கொஞ்சம் தாமதமாக வந்தது. நான் கவனித்தேன், கவனித்ததை அங்கேயே விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு சாயங்காலம் சார் வந்தார். வாசற்படியில் நின்றபடியே கேட்டார்: "திங்களாழ்ச்ச வந்தால் இவனுக்கு ஒரு உஷாரும் இல்லை. பந்து பாதி வழியில் விழறது. வேற எங்கெயெங்கிலும் எறியறானோ மாமி?"

"இல்லையே சார். ஞாயித்துக்கிழமை முழுக்கத் தூங்கறான். எழுப்பினாக்கூட எழுந்துக்கறதில்லை."

நீ என் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் திரும்பியபோது உன் முகம் எனக்கு நேராக இருந்தது. "சார்கிட்டே ஏதாவது உளறி வைக்காதே. அப்பாவைத் தூக்கிக் காசர்கோட்டிலே போட்டுடுவா" என்றேன். நீ தலையாட்டினாய். அம்மா பொய் சொல்வதைக் கேட்ட பிள்ளைக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

அந்த ஆபீஸ் போட்டியின் கடைசி மேட்ச் நடந்த நாளை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அடுத்த சனிக்கிழமை மாநிலப் பள்ளிக்கூட டீமுக்குப் பையன்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அன்று காலை நீ, "அம்மா, இன்னிக்கு வேண்டாமே. தோள்பட்டை ஒரு மாதிரி இருக்கு" என்றாய். நான் முறிவெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிட்டு, "இன்னிக்கு ஒரு நாள்தான். கடைசி மேட்ச். பாதியிலே விட்டா நன்னாவா இருக்கும்? நம்மாத்துக்கு வந்து கேட்ட மனுஷாடா" என்றேன். சூப்பிரண்டு உன்னை ஒரு பக்கத்திலிருந்தே பந்து போட வைத்து, மதியச் சாப்பாடு வரை மாற்றவே இல்லையாம். "இன்னும் ஒரு ஓவர் மக்கா, ஒரே ஒரு ஓவர்." கோப்பை அவர் மேஜைமேல் வந்து உட்கார்ந்தது. சொன்னபடியே உன்னை ஸ்கூட்டரில் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார், ஒரு டப்பா அல்வாவோடு. அந்த அல்வாவை நீ இடது கையால் வாங்கினாய். நான் அவர் எதிரிலேயே உன் கையில் ஓர் அடி வைத்து, "பெரியவா தரச்சே இடது கையாலயா வாங்கறது? யார் வளர்த்த பிள்ளைன்னு கேக்க மாட்டாளா?" என்றேன். நீ அந்த டப்பாவைத் திண்ணைமேல் வைத்துவிட்டு, பிறகு குனிந்து, உடம்போடு ஒட்டின வலது கையால் அதைத் தொட்டாய். தூக்கவில்லை, தொட்டாய்.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் புறப்படும்போது சீப்பைக் கொண்டுவந்து, "நீயே வாரிவிடேன்" என்றாய். மீசை அரும்பின பிள்ளை அம்மாவிடம் தலை வாரிக்கொள்ள வருகிறானே என்று எனக்கு ஒரே சந்தோஷம். "என்னடா, குழந்தையாயிட்டியா?" என்று வகிடெடுத்து, பவுடர்கூடப் போட்டுவிட்டேன். அந்த வாரம் முழுவதும் தினமும் வாரிவிட்டேன். உருளியைத் தட்டிப் பார்க்கத் தெரிந்தவளுக்கு, கை தலைக்கு எட்டவில்லை என்பதால்தான் பிள்ளை சீப்பைக் கொண்டுவருகிறான் என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுவதும்கூட முழு உண்மையல்ல. தெரிந்துகொள்ள எனக்கு இஷ்டமில்லை.

சனிக்கிழமை நீ ஓடி வந்து, கையைத் தூக்கி, பந்தை விடாமலேயே பாயின்மேல் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டாய் என்று, உன்னை டாக்ஸியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு சார்தான் ஆளனுப்பினார். டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்து, கையைத் தூக்கி இறக்கிப் பார்த்து, தோளுக்குள் கிழிந்துபோயிருக்கிறது, இது ஒரு நாளில் வந்தது இல்லை, யார் இந்தப் பையனை இவ்வளவு எறிய விட்டது என்று கேட்டார். அறையில் அப்பா இருந்தார், நான் இருந்தேன், நீ இருந்தாய். வர்கீஸ் சார்தான் வாயைத் திறந்தார். "ஞான்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஊர் பேசிற்று. "கப்புக்காகப் பையனைப் பிழிஞ்சு எடுத்துட்டார் அந்தச் சார்" என்று எதிர்வீட்டு மாமா சொன்னபோது நானும் "ஆமாம்" என்று தலையாட்டினேன். பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட்டை அவரிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அவர் டிரில் மட்டும் எடுத்தார். சூப்பிரண்டு ஒரு தடவை ஆரஞ்சு கொடுத்தனுப்பினார். அடுத்த வருஷம் வேறொரு பையன் வேறொருவர் பெயரில் இறங்கினான். பிறகு சூப்பிரண்டும் ரிடையராகிப் போனார். காசர்கோடு மாற்றல் எப்படியும் வந்தது. அப்பா தனியாகப் போய் இருந்துவிட்டு வந்தார். என் டியூட்டோரியல் அதற்கு முன்பே மூடிவிட்டது. எதற்குப் பயந்து உன்னை அனுப்பினேனோ அதெல்லாம் நடந்தது. நடந்தபோது யாரும் செத்துப்போகவில்லை.

அதோடு நிறுத்தினேனா? வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இவன் தோள் மட்டும் சரியா இருந்திருந்தா இன்னிக்கு இந்தியா டீம்ல இருப்பான்" என்பேன். நீ அப்போதெல்லாம் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாய். கையை வாங்கிக்கொண்ட பிறகும் அந்தக் கையிடம் எதிர்பார்ப்பதை நான் விடவில்லை.

ஒரு தாய் வெளியூர் போன பிள்ளைக்குப் புத்தி சொல்லித்தான் கடிதம் எழுத வேண்டும். எனக்கு அந்த யோக்கியதை இருக்கிறதா தெரியவில்லை; இருந்தாலும் இதை மட்டும் சொல்கிறேன். பாங்கில் உனக்கு வேலை நன்றாக வருகிறது என்று தெரிந்தால் எல்லோரும் உன்னிடமே வருவார்கள். சிரித்துக்கொண்டே வருவார்கள், இன்று ஒரு நாள்தான் என்பார்கள். இல்லை என்று சொன்னால் மரியாதை கெட்டுவிடும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான். அதை மறந்துவிடு. நாளைக்கு உனக்கு ஒரு குழந்தை பிறந்து, அது பாடினாலும் ஓடினாலும் கணக்குப் போட்டாலும், ஊர் கைதட்டுகிற நேரத்தில் அதன் திறமையைப் பார்த்துக்கொண்டிருக்காதே. அது எந்தக் கையால் தலை வாருகிறது, எந்தக் கையால் சாப்பாட்டுத் தட்டை எடுக்கிறது என்று பார்த்துக்கொண்டிரு. வேண்டாம் என்று குழந்தை மெதுவாகச் சொன்னால், சத்தமாகச் சொன்னதாகவே எடுத்துக்கொள்.

உன் கார்டு வந்த மறுநாள் பள்ளிக்கூடத்து மைதானத்துக்குப் போனேன். அப்பாவையும் கூட்டிக்கொள்ளவில்லை. டிரில் முடிந்து பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சுருட்டி வைத்த கயிற்றுப் பாயின்மேல் சார் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்கரன், சூப்பிரண்டு, காசர்கோடு, என் டியூட்டோரியல், வாசற்படியில் சொன்ன பொய். கொஞ்ச நேரம் அவர் விசிலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"பாஸ்கரன்!" என்றார் கடைசியில். "ஞானே இவன்கிட்டே அவனைப் போய்ப் பார்க்கச் சொன்னேன்." சிரிப்பு மாதிரி ஒன்று வந்து நின்றுபோயிற்று. "மாமி, இத்தனை வருஷமும் ஞான் ராத்திரி படுத்தால் அந்தக் கணக்குத்தான் போடுவேன். எந்த நாள் எத்தனை ஓவர் கொடுத்தேன், எங்கே பிசகினேன்னு. எப்படிக் கூட்டினாலும் தப்பு வராது. தப்பு வராததனால்தான் உறக்கம் வராது. அப்போ என் கணக்கு சரியாத்தான் இருந்தது."

"மன்னிச்சுக்கோங்கோ சார்" என்றேன்.

அவர் எழுந்து நின்று ஒன்று மட்டும் கேட்டார். "இப்போ அவன் கை எவ்வளவு தூரம் பொங்கும்? தலைக்கு மேல போகுமோ?"

 அப்போதுதான் ஸ்டேஷனில் நீ பெட்டியை மேல் பலகையில் ஏற்றியது ஞாபகம் வந்தது. இடது கையால் தள்ளி, தோளால் முட்டுக் கொடுத்து ஏற்றினாய். கொடியில் சட்டை போடுவதும் இடது கையால்தான். அது உன் பழக்கம் என்று நினைத்திருந்தேன். வலிக்கிறதா, எதுவரை தூக்க முடிகிறது என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தேன்.

"அதுகூட அறியாதோ, மாமி?" என்றார் சார். விசில் ஊதிக்கொண்டு பிள்ளைகளிடம் போய்விட்டார்.

அதனால் கேட்கிறேன், கண்ணா. எவ்வளவு தூரம் போகிறது? ராத்திரி வலிக்கிறதா? பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடிகிறதா? சாருக்கும் எனக்கும் தனித்தனியாக எழுது. அவருக்கு முதலில் எழுது. எனக்கு எழுத மனம் வராவிட்டால் நான் காத்திருக்கிறேன். எழுதுகிற நாளில் எந்தக் கையால் எழுதினாலும் சரி, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அம்மா